நிலத்தறியில் ஒரு குர்ஜீன்: பலூச் நாடோடிகளின் ஒட்டகப் பையை அவர்கள் முறையிலேயே நெய்ய முழுமையான வழிகாட்டி

ஒட்டகமோ கழுதையோ, முதுகின் குறுக்கே போட்டால் இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கும் இரட்டைப் பைக்குக் குர்ஜீன் என்று பெயர். ஈரானில் கொராசானும் சீஸ்தானும், ஆப்கானிஸ்தானில் ஹெராத், ஃபரா, நிம்ரோஸ், பாகிஸ்தானில் பலுசிஸ்தான் மாகாணம் என்று மூன்று நாடுகளில் சிதறிக் கிடக்கும் பலூச் மேய்ச்சல் குடும்பங்களுக்குப் பெட்டி, பீரோ, அலமாரி எல்லாம் இதுதான். மாவு, தேயிலை, மாற்றுத்துணி எதுவானாலும் அதற்குள் போகும். கூடாரம் போட்டபின் சாய்ந்துகொள்ள அதுவே திண்டு.

பலூச் பெண்கள் இதை மட்டும் நெய்வதில்லை. சாப்பாட்டு விரிப்பு, தலையணைப் பை, குறுகிய கழுத்து வைத்த உப்புப் பை, தானிய மூட்டை, குதிரைப் போர்வை, தொழுகை விரிப்பு, கூடாரத்துணி எல்லாம் தரையில் முளையடித்துக் கட்டும் ஒரே வகைத் தறியில்தான் பிறக்கின்றன. இருந்தாலும் முதல்முறை உட்காருகிறவருக்கு நான் குர்ஜீனைத்தான் சொல்வேன். ஒரே நீளத் துண்டாக நெய்து, இரு முனையையும் மடித்து, ஓரத்தைத் தைத்தால் முடிந்தது. துணியின் உடம்பில் கத்தரிக்கோல் படவே படாது. சாதா நெசவு, சுற்றுநெசவு, பிளவு விடுவது, ஓரக்கயிறு என்று நாலைந்து நுட்பம் ஒரே வேலையில் கைவந்துவிடும்.

தறி, நூல், தையல் எதைப் பார்த்தாலும் 'நாளைக்குக் கிளம்ப வேண்டியிருக்கும்' என்ற கணக்கு உள்ளே இருப்பது தெரியும். பாகிஸ்தான் பலுசிஸ்தானிலுள்ள கலாத் மேட்டுநிலத்தில் கோடை. குளிர் இறுகுவதற்குள் போலான், மூலா கணவாய்கள் வழியே கச்சி சமவெளிக்கு இறக்கம். வெயில் ஏறத் தொடங்கியதும் திரும்ப மேலே. அதே பாதைகளில் பிராகுயி என்ற அண்டை மக்களும் நடந்திருக்கிறார்கள். அவர்கள் மொழி திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது, நம் தமிழுக்குத் தூரத்து உறவு. மேய்ச்சலும் கறுப்புக் கூடாரமும் இரு மக்களுக்கும் பொது. இப்படி வருஷம் முழுக்க நடக்கிறவர்கள் மரச்சட்டம் வைத்த தறியைச் சுமக்க முடியுமா? இன்று ஏராளமான குடும்பங்கள் ஊர்களில் நிலைத்துவிட்டன, சுமையை லாரி ஏற்றுக்கொண்டது. தறி மட்டும் பழைய தறிதான்.

என்ன அளவு, எவ்வளவு நூல்

ஒட்டகத்துக்கான பையின் முகம் இரண்டு அடிக்கும் மேல் வரும். கற்றுக்கொள்கிறவருக்கு அது பெரிது. 30 செ.மீ. அகலம் போதும். நீளக் கணக்கு இப்படி: முதல் பையின் வாய்ப்பட்டி 4 செ.மீ., முகம் 30, முதுகு 30; நடுப்பாலம் 20; இரண்டாவது பையின் முதுகு 30, முகம் 30, வாய்ப்பட்டி 4. ஆக 148 செ.மீ. பாவின் (தறியில் நீளவாட்டில் கட்டும் நூலின்) கடைசிப் பகுதியில் கை நுழையாது, அங்கே நெய்ய முடியாது. அதனால் கட்டைக்குக் கட்டை 2 மீட்டர் இருக்கட்டும்.

சுத்தம் செய்து நூற்ற கம்பளி நூல் ஒரு கிலோவும், வெள்ளாட்டு மயிர்க் கயிறு கொஞ்சமும் இருந்தால் தாராளம். கழுவாத மயிரிலிருந்து தொடங்குவதானால் இரண்டு கிலோவாவது வேண்டும். பிசுக்கும் மண்ணும் முள்ளும் போனபின் எடை ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

1. மயிர்

பலுசிஸ்தானில் செம்மறிக்கு வருஷத்தில் இரண்டு தரம் மயிர் கத்தரிக்கிறார்கள், வசந்தத்தில் ஒன்று, குளிருக்கு முன் ஒன்று. 'பலூச்சி' என்ற பெயரிலேயே ஓர் ஆட்டினம் உண்டு. கொழுத்த வால், வெள்ளை உடம்பு, முகத்திலும் காலிலும் கறுப்பு. அதன் மயிர் முரடு, கம்பளத்துக்கென்றே பிறந்தது. உங்களுக்கு அது கிடைக்கப் போவதில்லை, பரவாயில்லை. நாட்டுச் செம்மறியின் முரட்டுக் கம்பளி எதுவும் சரிதான். மெரினோ மட்டும் வேண்டாம். கழுத்தில் சுற்றிக்கொள்ள அது அருமையான நூல்தான், ஆனால் சுமையும் உராய்வும் தாங்காது.

வெள்ளாட்டு மயிரின் வேலை வேறு. கிதான் எனப்படும் பலூச் கறுப்புக் கூடாரம் முழுக்க அதில்தான் ஆனது. நீளநீளப் பட்டைகளாக நெய்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்து, வளைத்த கழிகள் மேல் போர்த்துவார்கள். காய்ந்திருக்கும்போது கண்கண்ணாகக் காற்று போகும். மழை பட்டால் மயிர் உப்பி, கண்ணடைத்து, தண்ணீர் வழிந்து ஓடும். குர்ஜீனில் வெள்ளாட்டு மயிர் ஓரத்துக்கும் தையலுக்கும் வாய்க்கயிற்றுக்கும் வரும். எங்கே அதிகம் உரசுமோ அங்கே அது. ஒட்டக மயிரைக் கத்தரிக்கவே வேண்டாம். வெயில் ஏறும் பருவத்தில் தானாக உதிர்வதைக் கையால் பறித்துச் சேர்ப்பார்கள். சாயமே இல்லாத அந்தத் தேன்பழுப்பு, கொராசான் பலூச்சிகளின் தொழுகை விரிப்புகளில் நடுப்பரப்பாக வரும். என் கண்ணுக்கு அந்தப் பிரதேசத்தின் மிக அழகான நிறம் அதுதான்.

கழுவும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். கசக்காதீர்கள். சூடும் கசக்கலும் சேர்ந்தால் கம்பளி கட்டிதட்டிப்போகும், பிறகு நூற்க முடியாது. தண்ணீரை மூன்று நான்கு முறை மாற்றி, நிழலில் உலர்த்தி, முள்ளைப் பொறுக்கி, சீப்பால் வாரி, விரல்தடிமன் திரிகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

2. நூற்பு

ராட்டையெல்லாம் வேண்டாம், கையால் சுழற்றி நூற்கும் தக்ளி போதும். நாடோடிப் பெண்கள் மந்தைக்குப் பின்னால் நடந்துகொண்டே நூற்பார்கள், ஆண்கள் வெள்ளாட்டு மயிரைக் கயிறாகத் திரிப்பார்கள். உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை என்று எதையும் அவர்கள் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

தக்ளியை வலப்பக்கமாகச் சுழற்றி ஒற்றை இழை எடுங்கள். இரண்டு ஒற்றை இழைகளைச் சேர்த்து, இப்போது இடப்பக்கமாகச் சுழற்றி முறுக்குங்கள். பழைய பலூச் துண்டுகளின் பாவு பெரும்பாலும் இப்படி முறுக்கிய ஈரிழைதான். எதிரெதிர்த் திருகு ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் நூல் சுருளாமல் நேராக நிற்கும்.

பாவு நூலுக்கு நல்ல இறுக்கம் வேண்டும். சோதிக்க ஒரு வழி: ஒரு முழ நீளத்தை இழுத்துப் பிடித்து, நகத்தால் முன்னும் பின்னும் இருபது முப்பது தடவை உரசுங்கள். பஞ்சு எழும்பினால் இன்னும் முறுக்கு போதாது. ஊடைக்கு, அதாவது குறுக்கே ஓடும் நூலுக்கு, இவ்வளவு இறுக்கம் கூடாது. தளர்ந்த ஊடைதான் அடித்தால் அமுங்கி, பாவை முழுக்க மூடும். பாவுக்கு வெள்ளைச் செம்மறிக் கம்பளி 250 மீட்டர் நூற்றுத் தனியே வையுங்கள். இதற்குச் சாயம் கிடையாது, துணியில் அது வெளியே தெரியப்போவதும் இல்லை.

3. சாயம்

பலூச் நெசவின் முகம் இருட்டு. கருநீலம், கரும்பழுப்பு, ஆழ்ந்த செம்மண் சிவப்பு, நடுவே பொட்டுப் பொட்டாக வெள்ளை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் நீலமும் கறுப்பும் பிரியும். இந்த அடக்கத்தைக் கெடுக்காதீர்கள். மூன்று நிறமும் ஒரு வெள்ளையும் போதும்.

சிவப்புக்கு மஞ்சிட்டி வேர். அங்கே பயன்படுவது அதன் நெருங்கிய உறவுச் செடி. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மஞ்சிட்டி சற்று ஆரஞ்சுப் பக்கம் சாயும். முதலில் படிகாரம் ஏற்ற வேண்டும். ஒரு கிலோ நூலுக்கு 150 கிராம் படிகாரம் என்ற விகிதத்தில் தண்ணீரில் கரைத்து, நனைத்த நூலைப் போட்டு, கொதிக்கவிடாமல் ஒரு மணி நேரம் சூட்டில் வைத்து, ஆறவிடுங்கள். பிறகு நூலின் எடைக்குச் சமமாக வேர்ப்பொடி எடுத்து, இரவு முழுக்க ஊறவைத்த தண்ணீரில் நூலை இறக்கி, மெல்ல மெல்லச் சூடேற்றுங்கள். 70 டிகிரி செல்சியஸைத் தாண்டவிடாதீர்கள். தாண்டினால் வேரிலுள்ள மஞ்சளும் பழுப்பும் கிளம்பிச் சிவப்பை மந்தமாக்கும். சுண்ணாம்புச் சத்துள்ள கிணற்றுத் தண்ணீர் கிடைத்தால் விடாதீர்கள், சிவப்பு ஆழமாகப் பிடிக்கும்.

நீலத்துக்கு அவுரி. அவுரித் தொட்டியைப் புளிக்கவைத்துப் பக்குவம் பார்ப்பது தனிக் கலை. கூடாரத்தோடு தூக்கிக்கொண்டு போகிற சமாசாரம் இல்லை என்பதால், சந்தை ஊர்ச் சாயக்காரரிடம் நூலைக் கொடுத்து வாங்குவது அந்தப் பக்கத்து வழக்கம். நீங்களும் அவுரிச் சாயம் போட்ட நூலாக வாங்கிவிடுங்கள்.

கறுப்புக்கு மாதுளைத் தோலும் இரும்புத் துருநீரும் சேர்த்தால் போதும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நான் சொல்லமாட்டேன். இரும்பு கம்பளியை அரித்துவிடும். நூறு வருஷம் பழைய பலூச் கம்பளங்களைத் தடவிப் பாருங்கள்: கரும்பழுப்பு இருந்த இடமெல்லாம் பள்ளமாகி, சிவப்பும் நீலமும் மேடாக நிற்கும். இயற்கையிலேயே கறுத்த ஆட்டு மயிர் கிடைத்தால் அதையே நூற்றுக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்குச் சாயம் போடாத கம்பளி. பளிச்சென்று தெரிய வேண்டும் என்றால் பருத்தி நூல். சில பலூச் துண்டுகளில் வெள்ளைப் பூ வேலை பருத்தியில்தான் இருக்கும். போலான் கணவாயின் அடிவாரத்திலுள்ள மெஹர்கர் என்ற தொல்லியல் தளத்தில் பொ.ஆ.மு. 6-ஆம் ஆயிரமாண்டைச் சேர்ந்த ஒரு செம்பு மணிக்குள் பருத்தி இழை கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. அந்த மண்ணுக்குப் பருத்தி அவ்வளவு பழைய பழக்கம்.

ஒவ்வொரு நிறத்தையும் ஒரே தொட்டியில் சமமாக ஏற்ற வேண்டும் என்று மெனக்கெடாதீர்கள். சின்னச் சின்னப் பானையில், கிடைத்த விறகில் போட்ட சாயம் தொட்டிக்குத் தொட்டி மாறத்தான் செய்யும். துணியின் பாதியில் சிவப்பு சற்றே வெளிறுவதைக் குறை என்று யாரும் நினைப்பதில்லை.

4. தறி போடுவது, பாவு ஓட்டுவது

தேவை நான்கு முளை, மணிக்கட்டுத் தடிமனில் இரண்டு கட்டை (60 செ.மீ. நீளம்), விரல்தடிமனில் இரண்டு கோல், தட்டையான ஒரு பலகைக் கத்தி, இரும்புப் பல் வைத்த கைச்சீப்பு, கொஞ்சம் கயிறு. கயிறு எதுவானாலும் சரி. தெற்கே கடலோரமான மக்ரான் பக்கத்தில் 'பீஷ்' என்கிற குட்டைப்பனை ஓலை நாரில் திரிப்பார்கள், பாயும் செருப்பும்கூட அதில்தான்.

சமதரையில் முன்பக்கம் இரண்டு முளையை 45 செ.மீ. இடைவெளியில் அடியுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி அதற்கு நேராக மற்ற இரண்டு. முளைகள் தறியின் நடுவை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நேர்குத்தாக அடித்தால் பாவின் இழுப்பில் உள்ளே சாய்ந்து வந்துவிடும். கட்டைகளை முளையின் வெளிப்பக்கமாக வைத்துக் கட்டுங்கள். மொட்டைமாடியில் செய்கிறவர்கள் முளைக்குப் பதில் நான்கு பக்கமும் சட்டம் அடித்துக்கொள்ளலாம், ஆனால் மண்ணில் செய்தால்தான் இந்தத் தறியின் சூட்சுமம் புரியும்.

பாவு ஓட்ட மூன்று பேர் இருந்தால் நல்லது. இரண்டு பேர் கட்டைக்கு ஒருவராக உட்கார, மூன்றாமவர் நூலுண்டையைக் கொண்டு நடப்பார். முன்கட்டைக்கு மேலே போய், நடுவில் குறுக்கிட்டு, பின்கட்டைக்குக் கீழே சுற்றி, மேலே வந்து, மறுபடி நடுவில் குறுக்கிட்டு, முன்கட்டைக்குக் கீழே சுற்றி வர வேண்டும். எண் 8 வடிவம். ஒரு சுற்றுக்கு இரண்டு இழை. செ.மீ.க்கு 4 இழை வீதம் 30 செ.மீ.க்கு 120 இழை, அதாவது 60 சுற்று. எல்லாச் சுற்றிலும் ஒரே இழுப்பு இருக்க வேண்டும். பாவு ஓட்டுகிறவரை நடுவில் மாற்றாதீர்கள், கைக்குக் கை இழுப்பு மாறும்.

நடுவில் இழைகள் குறுக்கிடும் இடத்தின் இருபுறமும் ஒரு நூலைச் செருகிக் கட்டிவிடுங்கள். அந்தக் குறுக்கீடு கலைந்தால் மொத்தப் பாவும் வீண். பிறகு முன்கட்டையை ஒட்டி, இரட்டை நூலால் இழைகளைப் பின்னிப் பின்னி ஒரு வரிசை ஓட்டுங்கள். 30 செ.மீ.க்குள் 120 இழையும் சமமாகப் பரவி நிற்கும்.

5. விழுது கட்டுவது

விழுது என்பது பாவு இழையைத் தூக்கிப் பிடிக்கும் நூல் வளையம். இங்கேதான் பலருக்குக் குழப்பம். மிதிக்கட்டை இல்லை, விழுது ஏறி இறங்குவதும் இல்லை. ஒரே ஒரு விழுதுக்கோல், அதுவும் அசையாமல் நிற்கும்.

குறுக்கீட்டுக்குப் பின்னால், மேல்வரிசை இழைகளுக்கு அடியில் ஒரு கோலை நுழையுங்கள். இது நகரும் கோல். குறுக்கீட்டுக்கு முன்னால் அந்த 60 இழைகள் கீழே போய்விடும், மற்ற 60 மேலே இருக்கும். இப்போது விழுதுக்கோலைக் குறுக்கீட்டுக்கும் நகரும் கோலுக்கும் இடையில் பாவின் மேல் வைத்து, அந்த இடத்தில் கீழே கிடக்கும் ஒவ்வோர் இழையையும் உறுதியான பருத்தி நூலால் வளையம் போட்டுக் கோலோடு கட்டுங்கள். 60 வளையம், எல்லாம் ஒரே உயரம். ஒரு அட்டைத் துண்டைக் கோலுக்கடியில் வைத்து அளவாகக் கட்டினால் பிசகாது. முடிந்ததும் கோலின் இரு முனைக்கும் கல்லோ தகர டப்பாவோ வைத்துத் தூக்கி நிறுத்துங்கள். முக்காலி கட்டி அதிலிருந்து கோலைத் தொங்கவிடுவதும் உண்டு.

வேலை செய்யும் விதம் இது: நகரும் கோலை விழுதுக்கு அருகே இழுத்தால், வளையம் இல்லாத இழைகள் மேலெழும்பி ஒரு வழி திறக்கும். அதைப் பின்னுக்குத் தள்ளி, பாவை உள்ளங்கையால் தட்டினால், அவை தணிந்து வளையத்திலுள்ள இழைகள் மேலே நிற்கும், இரண்டாவது வழி. ஒவ்வொரு முறையும் பலகைக் கத்தியை நுழைத்துச் செங்குத்தாகத் திருப்பினால் வழி அகலும், கை போகும். கம்பளி இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தட்டிப் பிரித்தால்தான் விடும், தயங்காமல் தட்டுங்கள்.

6. நெசவு

முதல் நாலைந்து வரிசை பாவு நூலாலேயே சாதா நெசவு. இது அடித்தளம். துணியின் எந்தப் பக்கம் இப்போது மேலே இருக்கிறதோ, அதுதான் பையின் வெளிப்பக்கம்.

*ஓரம்.* இரு பக்கமும் கடைசி 6 இழைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று கயிறாகக் கருதுங்கள். ஊடை இவற்றையும் சுற்றிப் போகும். கூடவே வெள்ளாட்டு மயிர் நூலை இந்த மூன்று கயிற்றிலும் மேலும் கீழுமாகப் பின்னிக்கொண்டே வாருங்கள். தட்டையாக, கறுப்பாக, எலும்பு மாதிரி ஓர் ஓரம் கிடைக்கும். பலூச் துண்டை மற்றவற்றிலிருந்து பிரித்தறிய இந்த ஓரமும் ஓர் அடையாளம்.

*வாய்ப்பட்டி.* 4 செ.மீ. உயரத்துக்குச் சாதா நெசவு. இதில் 5 செ.மீ.க்கு ஒன்றாக ஐந்து பிளவு வேண்டும். அகலத்தை ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஊடை. அடுத்த பகுதிக்குள் போகாமல் எல்லையில் திரும்ப வேண்டும். 2 செ.மீ. உயரம் இப்படி நெய்தபின் முழு அகலத்துக்கும் ஊடை ஓட்டினால் பிளவின் மேல்பக்கம் அடைந்துவிடும்.

*முகம்.* கொராசான், சீஸ்தான், மேற்கு ஆப்கானிஸ்தான் பலூச்சிகள் முகத்தை முடிச்சுக் கம்பளமாகவும் செய்வார்கள். மர்ரி, புக்டி குலங்களிடமும் மக்ரான் பக்கமும் தட்டை நெசவுதான் மரபு. நாம் சுற்றுநெசவு செய்வோம். வண்ண நூலை நான்கு பாவு இழைக்கு மேலாக முன்னே கொண்டுபோய், இரண்டு இழைக்கு அடியில் பின்னே எடுத்து, மறுபடி நான்குக்கு மேல். ஒவ்வொரு தையலும் இரண்டு இழை முன்னேறும். ஒரு வரிசை முடிந்ததும் மெல்லிய கறுப்பு ஊடை இரண்டு ஓட்டி, சீப்பால் அடித்து இறக்குங்கள். இரண்டும் சேர்ந்து சுமார் 5 மி.மீ. உயரம் வரும்.

இப்போது வைரவடிவம். ஓரம் போக 108 இழை, அதாவது 54 தையல். பக்கம் பக்கமாக மூன்று வைரம், ஒவ்வொன்றும் 18 தையல் அகலம். முதல் வரிசையில் ஒவ்வொரு வைரத்துக்கும் நடு 2 தையல் மட்டும் சிவப்பு, மற்றதெல்லாம் கருநீலம். அடுத்த வரிசையில் இரு பக்கமும் ஒவ்வொரு தையல் கூட்டி 4. அப்படியே 6, 8 என்று ஒன்பதாவது வரிசையில் 18. பிறகு அதே கணக்கில் குறைத்து 2-க்கு வாருங்கள். 17 வரிசை, ஏறக்குறைய 9 செ.மீ. அகலமும் 9 செ.மீ.தான், ஆகவே வைரம் நசுங்காமல் சதுரமாக நிற்கும். இப்படி மூன்று அடுக்கு, இடையிடையே ஒரு வரிசை வெள்ளை. 30 செ.மீ.க்கு மிச்சமிருக்கும் உயரத்தை வெறும் கருநீல வரிசைகளால் நிரப்பினால் முகம் முடிந்தது. பழகியபின் வைரத்தின் நடுவில் எட்டுமுனை நட்சத்திரம் வைக்கலாம், விளிம்பில் கொக்கி போடலாம்.

வைரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நீங்கள் முதலில் நெய்யும் முகம் வாயிலிருந்து அடிக்கு இறங்குகிறது, இரண்டாவது முகம் அடியிலிருந்து வாய்க்கு ஏறுகிறது. மரமோ பறவையோ போட்டால் ஒரு முகத்தில் அதைத் தலைகீழாக நெய்ய வேண்டும். வரைபடம் எதுவும் இல்லாமல், மனக்கணக்கிலேயே அப்படித் திருப்பி நெய்கிறவர்கள் இருக்கிறார்கள். முடிச்சுப் பையானால் இன்னொரு வேடிக்கை: முடிச்சு மயிர் எப்போதும் நெய்யத் தொடங்கிய பக்கமே சாயும். அதனால் ஒரே குர்ஜீனின் ஒரு முகத்தைத் தடவினால் மயிர் மேல்நோக்கியும், மறு முகத்தில் கீழ்நோக்கியும் படியும். வியாபாரிகள் ஜோடியை வெட்டி, முதுகைக் கழற்றிவிட்டு, ஒற்றை முகத்தைச் சுவர் அலங்காரமாக விற்கிறார்கள். அந்த ஒற்றை எந்தப் பாதி என்பதை இந்தத் தடவலிலேயே சொல்லிவிடலாம்.

*முதுகும் பாலமும்.* சாதா நெசவு, பட்டைப் பட்டையாக நிறம் மாற்றி. கஞ்சத்தனம் இல்லாமல் அடித்து இறக்குங்கள், பாவு எங்கும் எட்டிப் பார்க்கக் கூடாது. பாலத்தின் 20 செ.மீ.க்கு ஊடையில் வெள்ளாட்டு மயிரைக் கலந்தால் நல்லது, மொத்தச் சுமையும் தொங்குவது அதில்தான். பிறகு இரண்டாவது முதுகு, முகம், வாய்ப்பட்டி.

அகலம் குறுகிக்கொண்டே வருவதுதான் புதியவர்களின் பெரிய தொல்லை. ஊடையை நேர்கோடாக இழுக்காதீர்கள். வில்லாக வளைத்துப் போட்டு, நடுவிலிருந்து அடித்து இறக்குங்கள். 30 செ.மீ. குச்சி ஒன்றைப் பக்கத்தில் வைத்து, நாலு விரல் உயரத்துக்கு ஒரு தடவை அளந்து பாருங்கள்.

துணி வளர வளர, நெய்த பகுதியின் மேலேயே உட்கார்ந்து முன்னே நகருங்கள். விழுதுக்கோலும் கற்களும் உங்களோடு நகரும். கட்டையில் துணியைச் சுற்றும் வேலை இல்லை.

7. நடுவில் கிளம்ப நேர்ந்தால்

இந்தப் படியை விட்டுவிடாதீர்கள், வேண்டுமென்றே ஒரு முறையாவது செய்து பாருங்கள். நகரும் கோலையும் விழுதுக்கோலையும் அப்படியே பாவோடு சேர்த்துக் கட்டுங்கள். சீப்பையும் கத்தியையும் உள்ளே வையுங்கள். பின்கட்டையின் முடிச்சை அவிழ்த்து, அங்கிருந்து பாவையும் துணியையும் சேர்த்து உருட்டிக்கொண்டே முன்கட்டைக்கு வாருங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டினால், நெசவு பாதியில் நிற்கிற தறி முழுவதும் ஒரு கை அணைப்புக்குள் அடங்கிவிடும். ஒட்டகத்தின் மேல் அது ஒரு கட்டு, அவ்வளவுதான். முளையைப் பிடுங்கிக்கொண்டு போகலாம், புது இடத்தில் மரம் கிடைக்காது.

மறுபடி முளை அடிக்கும்போது பழைய இழுப்பு அச்சாக வராது. ஒரு பக்கம் சற்றுத் தளரும், ஓரம் லேசாக வளையும். பழைய பலூச் துண்டுகளில் நடுவே திடீரென்று அகலம் மாறுவதையும் கோடு சாய்வதையும் பார்க்கலாம். ஏலக்குறிப்புகளில் அதைச் 'சீரற்ற வடிவம்' என்று குறையாக எழுதுகிறார்கள். எனக்கு அது அபத்தமாகப் படுகிறது. அளவெடுத்த சதுரம் வேண்டுமென்றால் தொழிற்சாலைக் கம்பளம் வாங்கிக்கொள்ளலாமே.

8. மடிப்பதும் தைப்பதும்

கடைசி வாய்ப்பட்டிக்குப் பிறகும் அடித்தள நெசவு நாலைந்து வரிசை போட்டு, முன்கட்டையிலிருந்து கண்ணிகளை உருவி எடுங்கள். பின்பக்கம் மிஞ்சிய பாவை மட்டும் வெட்டி, இழைகளை உள்பக்கம் மடக்கிப் பின்னலாகப் போட்டு அடக்குங்கள். குளிர்ந்த தண்ணீரில் அலசி, தரையில் விரித்து, நிழலில் காயவிடுங்கள். பிழியாதீர்கள்.

வெளிப்பக்கம் தரையைப் பார்க்கும்படி துணியை விரியுங்கள். முதல் முகத்தை அடிக்கோட்டில் மடித்து முதுகின் மேல் கொண்டுவாருங்கள், மறு முனையையும் அப்படியே. இப்போது இரண்டு வாய்களும் பாலத்தைப் பார்த்தபடி இருக்கும். பக்க ஓரங்களை வெள்ளாட்டு மயிர் நூலால் தையுங்கள். ஊசி ஓரக்கயிற்றுக்கு உள்ளே இறங்கி, இரண்டு ஓரத்தையும் சேர்த்துச் சுற்றி வெளியே வர வேண்டும். தையல் நெருக்கமாக, சாய்வாக, கயிறு திரித்தது போல இருக்கட்டும். அடி மூலைகளில் நாலைந்து தையல் கூடுதலாகப் போடுங்கள். கிழிந்தால் அங்கேதான் முதலில் கிழியும்.

வாய்க்கு ஐந்து கண்ணி வேண்டும். வெள்ளாட்டு மயிரில் சடையாகப் பின்னி, மடித்தபின் 8 செ.மீ. நீளம் வருமாறு, முதுகு பாலத்தோடு சேரும் கோட்டில் பிளவுகளுக்கு நேராகத் தையுங்கள். மூடும்போது முதல் கண்ணியை முதல் பிளவு வழியே வெளியே இழுத்து, இரண்டாவது பிளவின் பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். இரண்டாவது கண்ணியைத் தன் பிளவு வழியே எடுத்து, முதல் கண்ணிக்குள்ளும் நுழைத்து, மூன்றாவதன் பக்கம் சாயுங்கள். இப்படியே சங்கிலியாகப் போனால் கடைசிக் கண்ணி ஒன்றுதான் கையில் மிஞ்சும். அதில் முடிச்சோ சின்னப் பூட்டோ போட்டால் மொத்த வாயும் பூட்டியாயிற்று. நடுவில் எந்தக் கண்ணியையும் தனியாக அவிழ்க்க முடியாது.

அடிவிளிம்பில் குஞ்சம், சோழி, நீலமணி கட்டுவது உங்கள் விருப்பம். கல்யாணப் பெண்ணோடு புதுக் கூடாரத்துக்குப் போகும் பைகளில் இவை நிறைய இருக்கும், அன்றாட மாவுப் பைக்கு யாரும் இவ்வளவு செலவழிப்பதில்லை.

முடித்ததும் இரண்டு பையிலும் சம எடைக்கு அரிசியோ தானியமோ நிரப்பி, ஒரு மதில் மேல் குறுக்கே போட்டு ஒரு ராத்திரி தொங்கவிடுங்கள். சுமையில் தையல் இறங்கி உட்காரும், தளர்ந்த இடம் விடிந்ததும் கண்ணுக்குத் தெரியும். தானியத்தைக் கொட்டிவிட்டு அந்த இடங்களை மட்டும் பிரித்து, இறுக்கி, மறுபடி தையுங்கள்.